கணிப்பொறித் திரையில் ஒரு தமிழ்ப் பட்டி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

முன்னுரை

உணவு விடுதியில் சென்று அமர்ந்தவுடன் பரிமாறுபவர் வந்து, "இட்லி, தோசை, பொங்கல், பூரி, வடை" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். நாம் அவற்றுள் ஒன்றைச் சொல்கிறோம். சமையலறையில் அது எவ்வாறு செய்யப்படுகிறது என்பது நமக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. பெயரைச் சொன்னால் பண்டம் வந்து சேரும். இந்தப் பெயர் வரிசையைத்தான் 'மெனு' என்கிறோம். கணிப்பொறித் திரையின் மேல்விளிம்பில் வரிசையாக நிற்கும் சொற்களுக்கும் அதே பெயர்தான்.

எங்கள் ஊராகிய வடலூரில், 1867-ஆம் ஆண்டு வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் இத்தகைய வரிசை கிடையாது. பசித்து வந்தவர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அமர்ந்தால் உணவு வரும். கணிப்பொறியோ நாம் கேட்டதை மட்டுமே செய்யும். ஆகவே, எதையெல்லாம் கேட்கலாம் என்பதை அது நமக்குப் புரியும் சொல்லில் முதலில் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சொல்லைத் திரையில் வைப்பது எவ்வாறு, அதன் பின்னால் செயலை இணைப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நிரலின் வரிகளை இங்கு எழுதப் போவதில்லை. கருத்தை மட்டும் எழுதுகிறேன். என் அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவுக்காக நான் ஒரு சிறு கணக்கு நிரல் எழுதினேன். அதில் ஒரே ஒரு சொல்லைத் தவறாக வைத்ததால் நேர்ந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பட்டி பிறந்த வரலாறு

தொடக்கக் காலக் கணிப்பொறிகளில் மெனு இல்லை. கருந்திரையில் ஒரு சிறு கோடு கண்சிமிட்டிக்கொண்டு நிற்கும். என்ன ஆணை இடவேண்டும் என்பதை நாம்தான் மனப்பாடமாக வைத்திருந்து, எழுத்துப் பிழையின்றித் தட்டச்சு செய்யவேண்டும். தேர்வில் கட்டுரை வினாவுக்கு விடை எழுதுவது போன்றது அது. மெனு வந்தபின் அது 'சரியான விடையைத் தேர்ந்தெடு' என்னும் வினாவாக மாறிவிட்டது. நினைவுகூர்வது கடினம், கண்டவுடன் அடையாளம் காண்பது எளிது. மெனுவின் பயன் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973-ஆம் ஆண்டு உருவான 'ஆல்டோ' என்னும் கணிப்பொறி, சுட்டியையும் சாளரங்களையும் கொண்டிருந்தது. அங்குத் தோன்றிய கருத்துகள் பின்னர் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா (1983), மெக்கின்டாஷ் (1984) ஆகிய கணிப்பொறிகளில் பொதுமக்களைச் சென்றடைந்தன. திரையின் மேலே ஒரு பட்டை. அதில் ஒரு சொல்லைச் சுட்டினால் கீழே திரைச்சீலைபோல ஒரு வரிசை இறங்கும் அமைப்பு. இதனை லிசாவுக்காக வடிவமைத்தவர் பில் அட்கின்சன் என்னும் பொறியாளர். இன்று நாம் காணும் மெனுக்களில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே.

நம் பாடநூல்களில் மெனுவுக்குப் 'பட்டி' என்ற சொல் வழங்குகிறது. பட்டியல் என்பதன் சுருக்கமாகக் கொள்ளலாம். இச்சொல்லை அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "பட்டியா? ஆடு அடைக்கிற பட்டியா பாப்பா?" என்றார். எங்கள் பக்கத்தில் பட்டி என்றால் ஆட்டுப்பட்டிதான். சொற்களை அடைத்து வைத்துத் தேவைப்படும்போது திறந்துவிடும் இடம் என்று சொல்லிச் சமாளித்தேன். இனி இக்கட்டுரையில் பட்டி என்றே எழுதுகிறேன்.

இரண்டு மாணவர்கள் செய்த கருவித்தொகுதி

பட்டி, பொத்தான், சாளரம் ஆகியவற்றை ஒவ்வொருவரும் புள்ளி புள்ளியாக வரைந்துகொண்டிருந்தால் ஒரு நிரலை முடிக்க ஆயுள் போதாது. தச்சர் கதவு செய்யும்போது கீலையும் தாழ்ப்பாளையும் கடையில் வாங்கிக்கொள்கிறார் அல்லவா? அதுபோல ஆயத்தமாகச் செய்து வைக்கப்பட்ட உறுப்புகளின் தொகுப்பே கருவித்தொகுதி எனப்படும்.

நான் பயன்படுத்திய தொகுதியின் பெயர் ஜி.டி.கே. இதன் பிறப்பு நம்மைப் போன்ற மாணவர்களுக்கு ஊக்கம் தருவது. 1995-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் 'ஜிம்ப்' என்ற படத்திருத்த மென்பொருளை எழுதத் தொடங்கினர். அப்போது கிடைத்த கருவித்தொகுதி அவர்களுக்கு மனநிறைவு தரவில்லை. தாங்களே ஒன்றைச் செய்துகொண்டனர். ஜிம்ப் கருவித்தொகுதி என்பதன் சுருக்கமே ஜி.டி.கே. 1997-இல் தொடங்கிய 'நோம்' என்னும் கட்டற்ற மேசைத்தளம் இதன்மீதே எழுப்பப்பட்டது. இதனைக் காசு கொடுக்காமல் யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம்.

எனக்குக் கிடைத்த கணிப்பொறியும் காசு கொடுத்து வாங்கியதன்று. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோசுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்சும் இருந்தது. அக்காவின் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. மடிக்கணினி என்னிடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கணிப்பொறியைத் திறக்கும்போதெல்லாம் அது அக்காவுடையது என்ற நினைவு எனக்கு வரும்.

பெயரும் செயலும்

பட்டி எவ்வாறு அமைகிறது என்பதை இனிக் காண்போம்.

முதலில் சாளரத்தின் மேற்பகுதியில் ஒரு பட்டையை வைக்கிறோம். பட்டையில் சில தலைப்புச் சொற்களை அமர்த்துகிறோம். ஒவ்வொரு தலைப்போடும் ஒரு பட்டியைத் தொங்கவிடுகிறோம். அந்தப் பட்டிக்குள் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கிறோம். உறுப்புகளில் சில வகைகள் உண்டு. அழுத்தினால் செயல் நடைபெறும் எளிய உறுப்பு ஒன்று. ஒரு நிலையை ஏற்றவும் இறக்கவும் உதவும் குறியிடும் உறுப்பு மற்றொன்று. பலவற்றுள் ஒன்றை மட்டும் ஏற்கும் உறுப்பு மூன்றாவது. இவற்றுக்கிடையே கோடாக மட்டும் நின்று பிரித்துக்காட்டும் உறுப்பும் உண்டு. ஓர் உறுப்பிலிருந்தே மற்றொரு பட்டி கிளைத்தும் செல்லலாம்.

என் முதல் முயற்சியில் இவை அனைத்தையும் செய்தும் திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாலை முழுவதும் தேடினேன். ஜி.டி.கே.யின் மூன்றாம் பதிப்பில் உறுப்பை உருவாக்கினால் மட்டும் போதாது. 'காட்டு' என்று தனியாக ஆணையிடவும் வேண்டும். அதனை நான் விட்டுவிட்டேன்.

அடுத்தது முக்கியமான படி. உறுப்பு திரையில் நின்றாலும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. என் தந்தை வீடுகளுக்கு வயரிங் செய்பவர். அவர் சுவரில் சுவிட்சுப் பலகையைப் பொருத்தியவுடன் விளக்கு எரிந்துவிடாது. பின்னால் கம்பி இழுத்து இணைக்கவேண்டும். பட்டியிலும் அவ்வாறே. உறுப்பை ஒருவர் தேர்ந்தெடுத்தவுடன் அதிலிருந்து ஒரு குறிப்பு எழும். அந்தக் குறிப்பு எழுந்தால் எந்தப் பணி நடைபெறவேண்டும் என்று நாம் இணைத்து வைக்கிறோம். நிரலோ ஒரு சுழற்சியில் நின்று, யார் எதை அழுத்துவார் என்று காத்துக்கொண்டேயிருக்கும். நிரல் தன் போக்கில் ஓடி முடிவதில்லை. பயன்படுத்துபவரின் கைக்காகக் காத்திருக்கிறது.

சுவிட்சுப் பலகையில் 'விசிறி' என்று ஒட்டப்பட்ட தாளைக் கிழித்துவிட்டு 'காற்றாடி' என்று எழுதி ஒட்டினால் கம்பி மாறுவதில்லை. அதுபோலவே உறுப்பின் முகத்தில் உள்ள பெயர் வேறு. பின்னால் உள்ள செயல் வேறு. ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை மாற்றலாம். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரு சுவிட்சுகள் இருப்பதுபோல, ஒரே செயலைப் பட்டியிலிருந்தும் பொத்தானிலிருந்தும் விசைப்பலகையிலிருந்தும் இயக்கலாம். 2020-இல் வெளிவந்த ஜி.டி.கே.யின் நான்காம் பதிப்பு இந்தப் பிரிவினையையே அடிப்படையாக்கிவிட்டது. பழைய பட்டி உறுப்புகள் அதில் நீக்கப்பட்டன. செயல்கள் ஒரு பக்கம் பெயரிட்டு வைக்கப்படுகின்றன. எந்தச் சொல் எந்தச் செயலைக் குறிக்கும் என்னும் அட்டவணை மறுபக்கம் உள்ளது.

பெயரும் செயலும் பிரிந்திருப்பதால் நிரலருக்கு வசதி மிகுதி. ஆனால் பெயரைப் படிப்பவர் செயலை அறிய வேறு வழியே இல்லை. அவர் அந்தப் பெயரை நம்பித்தான் அழுத்துகிறார். இதை நான் பின்னர்தான் உணர்ந்தேன்.

அம்மா எண்ணிய எண்கள்

அம்மா எங்கள் தெருவில் உள்ள மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர். தமிழ்நாட்டில் இத்தகைய குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டுப் பின்னர் எங்கும் பரவின. அம்மாவின் குழுவில் பதினான்கு பேர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சேமிப்பு. மற்ற ஞாயிறுகளில் கடன் தவணை. எட்டாம் வகுப்பு வரை படித்த அம்மா நீள நோட்டில் கோடு போட்டு எழுதிக் கூட்டிச் சரிபார்ப்பார். கூட்டம் முடிந்தபின் இரவு பத்து மணிவரை அந்த வேலை நடக்கும். அதைக் குறைக்கத்தான் நிரல் எழுதினேன்.

முதலில் பட்டிச் சொற்களைப் புத்தகத்தில் உள்ளவாறு ஆங்கிலத்திலேயே வைத்தேன். அம்மா இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஒருநாள் அவர் முணுமுணுப்பதைக் கேட்டேன்: "முதல் சொல்லைத் தொட்டு மூணாவது... ரெண்டாவது சொல்லைத் தொட்டு முதல்..." அவர் எதையும் படிக்கவில்லை, இடத்தை எண்ணி வைத்திருந்தார். அந்த வாரம் நான் நடுவில் புதிதாக ஓர் உறுப்பைச் சேர்த்தேன். மூன்றாவது நான்காவதாகிவிட்டது. அம்மாவின் மனப்பாடம் முழுவதும் வீணாயிற்று. மனப்பாடத்திலிருந்து விடுவிப்பதற்காகத் தோன்றிய பட்டியை, நான் மீண்டும் மனப்பாடமாக்கிக் கொடுத்திருந்தேன். அன்றே தமிழில் மாற்ற முடிவு செய்தேன்.

கொம்பும் காலும்

தமிழில் மாற்றுவது சொல்லை மாற்றி எழுதுவதுதானே என்று எண்ணினேன். அப்போது நான் பயன்படுத்தியது பைத்தான் மொழியோடு கூடவே வரும் 'டிகே' என்னும் எளிய தொகுதி. கற்பவருக்கு மிகவும் ஏற்றது. ஆனால் முதல் சொல்லே சிக்கிக்கொண்டது. 'கோப்பு' என்று எழுதினேன். திரையில் முதலில் 'க' நின்றது. அதற்கு முன்னால் வரவேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் நின்றது.

இதன் காரணத்தை அறிந்துகொள்வது பயனுடையது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி முறையில், 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்கள். நம் எழுத்துகளோ 247. உயிர் எழுத்துகளுக்கும், அகரம் ஏறிய மெய்களுக்கும், கொம்பு, கால், புள்ளி போன்ற குறிகளுக்கும் தனித்தனி எண்கள் தந்து, மற்றவற்றைச் சேர்த்துப் பெறுமாறு அமைத்துள்ளனர். 'கோப்பு' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. கணிப்பொறிக்குள் ஆறு எண்கள். 'க' என்பதற்கு ஓர் எண். அடுத்து ஓகாரக் குறிக்கு ஓர் எண். அந்த ஓகாரக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைத்து வரைவது வேறொரு நிரலின் கடமை. எண்களை வந்த வரிசையிலேயே வரைந்தால் கொம்பு இடம் மாறிவிடும். விண்டோசில் அந்தக் கடமையை இயங்குதளமே செய்துவிடுகிறது. லினக்சில் நான் பயன்படுத்திய டிகே பதிப்பில் அது நடைபெறவில்லை.

ஜி.டி.கே.யில் இதற்கெனவே 'பாங்கோ' என்னும் பகுதி உள்ளது. 'பான்' என்பது எல்லாம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். 'கோ' என்பது மொழி என்று பொருள்படும் ஜப்பானியச் சொல். 2002-இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல் ஜி.டி.கே. இதனைப் பயன்படுத்துகிறது. நிரலை ஜி.டி.கே.வுக்கு மாற்றி எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. 'கோப்பு' சரியாக வந்த அன்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எழுத்து அழகா இருக்கு பாப்பா. கோப்புன்னா என்னா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் பொருட்படுத்தியிருக்கவேண்டும். சொல்லிக்கொடுத்தால் பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

'சேமி'யும் சேமிப்பும்

என் பட்டியில் முதல் தலைப்பு 'கோப்பு'. அதன்கீழ் 'திற', 'சேமி', 'வெளியேறு' ஆகிய மூன்று உறுப்புகள். எழுதியதை அழியாமல் வன்தட்டில் பதிந்து வைக்கும் ஆணைக்குச் 'சேமி' என்பதே வழக்கு. பாடநூலிலும் அதுதான், மென்பொருள்களிலும் அதுதான். ஆகவே அதனையே வைத்தேன்.

ஒரு மாதத்தின் முதல் ஞாயிறு நன்றாகவே கழிந்தது. பதினான்கு பேரின் சேமிப்பையும் எழுதிவிட்டு, 'சேமி' என்பதை அழுத்தி, 'வெளியேறு' என்பதை அழுத்தினார் அம்மா. இனி நோட்டில் எழுதவேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். இரண்டாம் ஞாயிறு, தவணை வாரம். ஒன்பது பேர் ஆளுக்கு 500 ரூபாய் கட்டினர். மொத்தம் 4,500 ரூபாய். அம்மா ஒன்பது வரிகளையும் எழுதினார். 'வெளியேறு' என்பதை அழுத்தினார். மறுநாள் பணத்தை வங்கியில் கட்டிவிட்டார்.

மூன்றாம் ஞாயிறு திறந்தபோது அந்த ஒன்பது வரிகளும் இல்லை.

திண்ணையில் கூட்டம் கூடியிருந்தது. ஓர் அக்கா, "நான் போன வாரமே ஐந்நூறு கொடுத்தேனே, உன் பொண்ணு பொட்டியில என் பேரையே காணோமே" என்றார். மற்றொருவர் ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஆறு ஆண்டுகளாக அந்தக் குழுவின் பணத்தை வைத்து எழுதி வந்தவர் என் அம்மா. ஒருமுறைகூட அவ்வாறு யாரும் அவரைப் பார்த்ததில்லை. வங்கிச் சலானில் 4,500 என்று மொத்தம் இருந்தது. யார் யார் கொடுத்தது என்பது இல்லை. அம்மா எழுந்து உள்ளே போனார். சற்று நேரம் கழித்துத் தினசரி நாட்காட்டியின் கிழித்த தாள் ஒன்றோடு வந்தார். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒன்பது பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. பழக்கத்தால் எழுதி, அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். என் நிரல் செய்யாததை அந்தத் தாள் செய்தது.

இரவு கேட்டேன்: "ஏம்மா, 'சேமி'யை அழுத்தலையா?"

"அன்னிக்குத்தான் சேமிப்பு எதுவும் வரலையே பாப்பா. தவணை மட்டும்தானே வந்துது. அப்புறம் எதுக்கு சேமியைத் தொடணும்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா தவறாகப் படிக்கவில்லை; மிகச் சரியாகப் படித்திருந்தார். அவருடைய குழுவில் சேமிப்பு என்பது ஆளுக்குக் கட்டும் நூறு ரூபாய். சேமி என்றால் அதைக் கணக்கில் சேர்ப்பது. அந்தச் சொல்லுக்கு அவர் திண்ணையில் வேறு பொருளே கிடையாது. முதல் ஞாயிறு அவர் அதை அழுத்தியதும் அந்தப் பொருளில்தான். குற்றம் முழுவதும் என்னுடையது. பதிவாகாத வரிகள் இருக்கும்போது 'வெளியேறு' என்பதை அழுத்தினால், ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூடுமாறு நான் எழுதியிருக்க வேண்டும். அதையும் எழுதவில்லை.

செய்த திருத்தங்கள்

மறுநாள் அம்மாவை அருகில் அமர்த்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் அவரிடமே கேட்டேன். "நீ நோட்டுல எழுதினப்போ இதை என்னான்னு சொல்லுவே?" என்பதுதான் கேள்வி. 'கோப்பு' என்பது 'நோட்டு' ஆயிற்று. 'சேமி' என்பது 'கணக்கில் ஏற்று' ஆயிற்று. 'வெளியேறு' என்பது 'நோட்டை மூடு' ஆயிற்று. பெயரும் செயலும் பிரிந்திருந்ததால், இவ்வளவையும் மாற்ற ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. பின்னாலிருந்த கம்பி ஒன்றையும் தொடவில்லை. 'சேமிப்பு' என்ற சொல்லை, உறுப்பினர் கட்டும் பணத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

வேறு சிலவற்றையும் திருத்தினேன். அவை நண்பர்களுக்குப் பயன்படும்.

ஒன்று: அப்போது செய்யமுடியாததை மங்கச் செய்தல். ஒருவருக்குக் கடனே இல்லாதபோது 'தவணை வரவு' என்னும் உறுப்பு மங்கலாக நிற்கும், அழுத்தினாலும் இயங்காது. அதனை மறைத்துவிடக்கூடாது. மறைத்தால் எண்ணி வைத்தவரின் இடம் மாறிவிடும்.

இரண்டு: அழுத்தியவுடன் செயல் நடந்துவிடாமல் மேலும் விவரம் கேட்கும் உறுப்பின் பெயருக்குப் பின் மூன்று புள்ளி வைத்தல். இது உலகெங்கும் உள்ள வழக்கம். 'புதிய உறுப்பினர்...' என்பதைப் பார்த்தாலே, இன்னும் ஏதோ கேட்கப் போகிறது என்று தெரியும்.

மூன்று: ஆபத்தான உறுப்பைத் தள்ளி வைத்து, இடையில் கோடு போடுதல்.

நான்கு: 'நீக்கு' என்பதை எடுத்துவிட்டேன். "கணக்கு நோட்டுல ரப்பர் போடக்கூடாது, அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதணும்" என்றார் அம்மா. இப்போது 'அடித்து எழுது' என்னும் உறுப்பு, பழைய வரியின்மேல் கோடு கிழித்துப் புதிய வரியைக் கீழே காட்டுகிறது. பழையது அழிவதில்லை.

இவற்றையெல்லாம் எங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் அம்மா நோட்டில் எழுதி முடித்தபின், 'இதை வைத்துக்கொள்' என்று நோட்டிடம் சொல்வாரா?" எனக்கு விளங்கியது. நோட்டில் எழுதினால் எழுதியதுதான். ஒவ்வொரு வரியும் எழுதியவுடனே பதிவாகுமாறு நிரலை மாற்றினேன். அதன்பின் 'கணக்கில் ஏற்று' என்னும் உறுப்புக்கு வேலையே இல்லை. அதனை எடுத்துவிட்டேன். நல்ல சொல்லைத் தேடி அலைந்த நான், கடைசியில் அந்தச் சொல்லே தேவையில்லை என்று கண்டேன்.

பெரும்பணி செய்தவர்கள்

இவ்வாறு சொல்வதால், மென்பொருள்களைத் தமிழாக்கியவர்கள் 'கோப்பு' என்றும் 'சேமி' என்றும் வைத்தது தவறு என்று கொள்ளக்கூடாது. கே.டி.இ., நோம் ஆகிய கட்டற்ற மேசைத்தளங்களையும் பல மென்பொருள்களையும் தமிழ் ஆர்வலர்கள் ஊதியமின்றி மொழிபெயர்த்தனர். அதற்கு உதவும் 'கெட்டெக்ஸ்ட்' என்னும் கருவியும், பெயரும் செயலும் வேறு என்ற அடிப்படையில்தான் இயங்குகிறது. நிரலில் உள்ள சொற்களைத் தனியே திரட்டி, மூலச்சொல் ஒரு வரியும் தமிழ்ச்சொல் ஒரு வரியுமாக ஒரு கோப்பில் எழுதி வைக்கிறோம். பயன்படுத்துபவர் தமிழைத் தேர்ந்தெடுத்தால், நிரல் அந்தக் கோப்பிலிருந்து சொல்லை எடுத்துக்கொள்கிறது. தமிழ்ச்சொல் எழுதப்படாத இடத்தில் மூலச்சொல்லே தோன்றும். அதனால்தான் சில பட்டிகளில் தமிழும் ஆங்கிலமும் கலந்து நிற்கின்றன.

அவர்களுக்கு வந்த இடர்ப்பாடுகளும் பல. ஆங்கிலப் பட்டியில் ஒரு சொல்லின் ஓர் எழுத்துக்கு அடிக்கோடு இட்டு, ஆல்ட் விசையோடு அந்த எழுத்தை அழுத்தினால் பட்டி திறக்குமாறு செய்வர். தமிழ்ச்சொல்லில் அடிக்கோடு இட்டால் எந்த விசையை அழுத்துவது? ஆகவே தமிழ்ச்சொல்லின் பக்கத்தில் பழைய ஆங்கில எழுத்தை அடைப்புக்குறிக்குள் வைத்தனர். அழகு குறைவுதான், ஆனால் பயன் கெடவில்லை.

அவர்கள் எழுதியது எல்லோருக்குமான மென்பொருள். அதற்குப் பொதுச்சொல் வேண்டும். கடலூர் மாவட்டத்துத் திண்ணையையும் கொழும்புக் கடையையும் சிங்கப்பூர் அலுவலகத்தையும் தனித்தனியே கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நான் எழுதியதோ பதினான்கு பேருக்கான நிரல். அந்தப் பதினான்கு பேரையும் கேட்க எனக்கு நேரம் இருந்தது. ஒரே தெருவில்தான் இருக்கிறோம். கேட்காமல் விட்டதுதான் என் பிழை.

முடிவுரை

பட்டி உறுப்பை உருவாக்குவது சில வரிகளில் முடிந்துவிடும் வேலை. உறுப்பை உருவாக்கு, பட்டியில் சேர், செயலோடு இணை, காட்டு என்னும் நான்கு படிகளையும் யாரும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். அதன் முகத்தில் எழுதும் சொல்லை மட்டும் கணிப்பொறியிடம் கற்க முடியாது. அதனைப் பயன்படுத்தப் போகிறவரிடம்தான் கேட்டுப் பெறவேண்டும். நம்மில் பலர் எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள். பால் கணக்கு, செங்கல் கணக்கு, முந்திரிக்கொட்டைக் கணக்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கும். அந்த நோட்டில் என்னென்ன சொற்கள் எழுதப்பட்டுள்ளன என்பதை நிரல் எழுதுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்குமாறு என் மாணவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது அம்மாவின் குழு, கணக்கை என் நிரலில் வைத்துக்கொள்கிறது. கூட்டம் முடிந்து அரைமணி நேரத்தில் கூட்டுத்தொகை கிடைத்துவிடுகிறது. எனினும் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைக்கிறார். வேண்டாம் என்று நான் இப்போது சொல்வதில்லை.